இடித்தவர் காட்டும் பட்டறைக்கு வண்டியை அனுப்பும் முன்

போன ஐப்பசி மழையில் திருச்சியில் ஒரு கார் என்னிடம் இன்சூரன்ஸ் சேத சர்வேக்கு வந்தது. ஆட்டோ உரசியதில் முன்பக்க ஃபெண்டரும் ஒரு ஹெட்லைட்டும் போயிருந்தன. சின்ன வேலைதான். போட்டோ எடுத்து, எஸ்டிமேட்டைச் சரிபார்த்து, அரை மணி நேரத்தில் கிளம்பியிருக்கலாம். வழக்கம்போல வண்டியைச் சுற்றி வந்து டிக்கியைத் திறந்தேன். குப்பென்று ஈர நெடி. கார்ப்பெட்டைத் தூக்கினால், ஸ்டெப்னி வைக்கும் குழியில் நாலு விரற்கடைக்குத் தண்ணீர்.

"மழை வந்தா இப்படித்தான் சார். ரெண்டு வருஷமாவே நிக்குது" என்றார் வண்டிக்காரர். அரசுப் பள்ளி ஆசிரியர்.

தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். குழியின் இடது சுவர்த் தகடு புடவைக் கொசுவம் மாதிரி மடிந்திருந்தது. கம்பெனியில் போடும் ஸ்பாட் வெல்டிங் வரிசையாகப் பொட்டு வைத்தது போல இருக்கும். இங்கே பொட்டுகள் பாதியிலேயே நின்றுபோய், மீதிக்குக் கேஸ் வெல்டிங் கருகலாக ஓடியிருந்தது. அதற்கு மேல் பள்ளம் நிரப்பும் பட்டி, அதற்கு மேல் பெயின்ட். நகத்தால் சுரண்டினேன். காரை பெயர்வது போல உதிர்ந்தது.

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் சமயபுரம் டோல்கேட் வரிசையில் நின்றிருந்தபோது பின்னால் ஒரு வேன் வந்து மோதியிருக்கிறது. "வேன்காரர் நல்ல மனுஷன் சார். கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டார். போலீஸ் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம், எங்க ஊர்ல தெரிஞ்ச பட்டறை இருக்கு, புதுசு மாதிரி பண்ணித் தர்றேன்னார். சொன்ன மாதிரியே நாலு நாள்ல வண்டியைக் கொண்டுவந்து விட்டார்."

அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். செலவு செய்தார், சொன்ன தேதியில் வண்டியையும் கொடுத்தார். ஆனால் அந்தப் பட்டறைக்கு வாடிக்கையாளர் யார்? வேன்காரர். ஆசிரியர் அந்தப் பட்டறையின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. காசு கொடுப்பவர் கேட்பது எவ்வளவு குறைவாக முடியும் என்பதை. வண்டியில் குடும்பத்தோடு போகிறவர் கேட்க வேண்டியது வேறு. அந்த வேறு கேள்வியைக் கேட்க அங்கே ஆளே இல்லை.

வாகன விபத்துச் சேதத்தை மதிப்பிடும் உரிமம் பெற்ற சர்வேயர் நான். பல வருடமாக இதே வேலை. அடுத்தவர் இடித்த வண்டி தவறான பட்டறைக்குப் போய், உடைந்தது உடைந்தபடியே பளபளப்பாகத் திரும்பி வருவதை மாதாமாதம் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பம்பரைப் பற்றிச் சொல்கிறேன். இப்போது வரும் கார்களில் பின்பம்பர் வெறும் பிளாஸ்டிக். அடி வாங்கினால் உள்ளே போய்விட்டு, பல சமயம் தானாகவே பழைய வடிவத்துக்கு வந்துவிடும். மேலே இரண்டு கீறல்தான் தெரியும். அதன் பின்னால் ஒரு குறுக்குப் பட்டை, பிறகு பேக் பேனல், ஸ்டெப்னிக் குழி, இரண்டு பக்கமும் நீளும் சேசிஸ் ரெயில் என்னும் அடிச்சட்டம். மோதலின் வேகத்தைத் தாங்கிக்கொண்டு நசுங்குவதற்கென்றே வடிவமைத்த பகுதி அது. ஒருமுறை நசுங்கியதைத் தட்டி நிமிர்த்திப் பட்டி பூசினால், அடுத்த அடிக்கு அது முன்போல நசுங்காது. அது தாங்க வேண்டிய வேகம் பின்சீட்டில் இருப்பவர்கள் பக்கம் வரும். சாலையோரத்தில் நின்று பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு "ஐயாயிரம் வாங்கிக்கோங்க, விட்டுடுங்க" என்று பேசி முடிப்பதில் உள்ள ஆபத்து இதுதான். உள்ளே என்ன ஆயிற்று என்று யாருக்குமே தெரியாத நேரத்தில் விலை பேசுகிறோம்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, அவசரம் என்றால் 112. யாருக்காவது அடி பட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பிறகு நகர்த்துவதற்கு முன்பே இரண்டு வண்டிகளையும் நம்பர் பிளேட் தெரியும்படி போட்டோ எடுங்கள். இடித்த வண்டியின் ஆர்.சி., ஓட்டியவரின் லைசென்ஸ், இன்சூரன்ஸ் தாள் மூன்றையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தத் தாளிலும் "எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அப்படி எழுதிக் கொடுத்தால், பிறகு உங்கள் சொந்த பாலிசியில் கிளைம் போகும்போதும் சிக்கல் வரலாம். ஏனென்றால், இடித்தவரிடம் வசூலிக்கும் உரிமை உங்களுக்குப் பணம் கொடுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் உண்டு. அதை நீங்களே விட்டுக்கொடுத்தது போல ஆகிவிடும்.

ரெக்கவரி வண்டிக்காரர் "நல்ல ஷெட் ஒண்ணு இருக்கு சார், அங்கயே இறக்கிடறேன்" என்றால், வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். வண்டியைக் கொண்டுவந்து விடுவதற்குக் கமிஷன் கொடுக்கும் ஷெட்கள் உண்டு. வண்டி உள்ளே போய், பம்பரைக் கழற்றி, பாதி பிரித்துப் போட்டுவிட்டால் உங்கள் கை கட்டப்பட்டுவிடும். வேறு இடத்துக்கு எடுத்துப் போகிறேன் என்றால் பிரித்த கூலி, நிறுத்திய வாடகை என்று கேட்பார்கள். அதைவிட முக்கியமாக, சர்வேயர் பார்க்கும் முன்பே பிரித்துவிட்டால், எது இந்த விபத்தில் உடைந்தது, எது முன்பே உடைந்திருந்தது என்று எங்களால் சொல்ல முடியாமல் போகும். முடிவு எடுக்கும்வரை வண்டி உங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கட்டும். ஒரு நாள் தாமதத்தால் எதுவும் கெட்டுவிடாது.

சரி, யார் பணத்தில் வேலை நடக்கப் போகிறது? பட்டறையைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

உங்களிடம் ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால் சொந்த பாலிசியில் கிளைம் செய்வதுதான் வேகமான வழி. ஆனால் தப்பு அடுத்தவர் மேல் இருந்தாலும் உங்கள் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் செய்யாததற்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி, போய்விடும். அதைத் தக்கவைக்கும் கூடுதல் கவர் எடுத்திருந்தால்தான் தப்பிக்கும். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் சொந்தச் சேத பிரீமியம் 10,000 ரூபாய், போனஸ் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது 5,000 கட்டுகிறீர்கள். கிளைம் செய்த பிறகு போனஸ் பூஜ்யத்துக்கு வந்து, அடுத்தடுத்த வருடங்களில் 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50ஐத் தொடும். பிரீமியம் மாறாமல் இருந்தால் இந்த ஐந்து வருடத்தில் நீங்கள் கூடுதலாகக் கட்டுவது 12,500 ரூபாய். இதுபோக, கிளைமில் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு உண்டு. 1500 சிசி வரையுள்ள காருக்கு 1,000, அதற்கு மேல் 2,000. தேய்மானமும் பிடிப்பார்கள். பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி விலைதான் கிடைக்கும். இரும்புப் பாகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்து. நாலு வயதைத் தாண்டி ஐந்துக்குள் இருக்கும் வண்டிக்கு 35 சதவீதம் பிடிப்பார்கள். கண்ணாடிக்கு மட்டும் பிடித்தம் இல்லை. 'பம்பர் டு பம்பர்' என்று சொல்லும் ஜீரோ டெப் இருந்தால் இந்தத் தேய்மானக் கவலை இல்லை.

ஆக, சேதம் சிறியதென்றால் இடித்தவரிடமே பணம் வாங்கிக்கொள்வது நியாயமான வழிதான். அதை நான் தடுக்கவில்லை. ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த பட்டறையில், பம்பரைக் கழற்றிப் பார்த்துப் போட்ட எஸ்டிமேட்டின்படி வாங்குங்கள்.

இடித்த வண்டியின் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸில் வாங்க முடியாதா என்று எல்லோரும் கேட்பார்கள். முடியும். காராக இருந்தாலும் லாரியாக இருந்தாலும் அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக 7,50,000 ரூபாய் வரை, பைக்குக்கு 1,00,000 வரை கவர் உண்டு. உரிமையாளர் பிரீமியம் குறையட்டும் என்று அதை 6,000 ரூபாயாகக் குறைத்திருந்தால்தான் பிரச்சினை. ஆனால் அந்தக் கம்பெனி உங்களுக்கு நேராகச் செக் எழுதித் தராது. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். போலீஸ் புகார் வேண்டும். யாருக்கும் காயமில்லை என்றால் ஸ்டேஷனில் பெரும்பாலும் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பப் பார்ப்பார்கள். வழக்குப் போடப் போகிறீர்கள் என்றால் எப்.ஐ.ஆர். கேட்டு வாங்குங்கள். தீர்ப்பு வர நாளாகும், அதுவரை வேலைச் செலவு உங்கள் கையிலிருந்து. அங்கே உங்களுக்கு உதவப் போவது பட்டறையின் முறையான பில்தான். துண்டுத் தாளில் "டிங்கரிங் பெயின்டிங் மொத்தம்" என்று எழுதிக் கொடுக்கும் பட்டறை, இந்த ஒரு காரணத்துக்காகவே ஒத்துவராது.

இனி பட்டறை. கம்பெனி ஒர்க்‌ஷாப்பா, வெளிப் பட்டறையா? சேதத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். கதவில் ஒரு டென்ட் (ஒடுக்கு), ஃபெண்டரில் ஒரு மடிப்பு என்றால் கைதேர்ந்த டிங்கர் போதும். தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, உள்ளிருந்து சின்னக் கம்பியால் நெம்பி நெம்பி, பெயின்ட் விரியாமலே டென்டை வெளியே கொண்டுவரும் மனிதர்களை எனக்குத் தெரியும். அந்தக் கைக்கு முன்னால் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் பல சமயம் எடுத்த எடுப்பிலேயே "பேனலை மாத்தணும்" என்பார்கள். கதவு, பானெட் என்றால் போல்ட்டைக் கழற்றி மாட்டுவது, பரவாயில்லை. பின்சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடான குவார்ட்டர் பேனல் அப்படியில்லை. அது உடலோடு வெல்டிங் ஆனது. அதை அறுத்து எடுத்தால் கம்பெனி வெல்டிங்கும் துருத் தடுப்புப் பூச்சும் போய்விடும். இழுத்துச் சரிசெய்யக் கூடிய அடியென்றால் அறுக்கச் சம்மதிக்காதீர்கள்.

ஆனால் அடி சேசிஸ் ரெயில் வரைக்கும் போயிருந்தால், கூரையைத் தாங்கும் பில்லர் மடங்கியிருந்தால், ஏர்பேக் வெடித்திருந்தால் கொட்டகை வேண்டாம். இப்போதைய வண்டிகளின் பில்லர்கள் உறுதி கூட்டிய எஃகு. கேஸ் வைத்துச் சூடாக்கினால் அந்த உறுதியே போய்விடும். இழுத்து அளக்கும் பெஞ்ச் உள்ள ஒர்க்‌ஷாப்பாகப் பாருங்கள். "வேலைக்கு முன்னாடி ஒரு அளவு, முடிஞ்சதும் ஒரு அளவு, ரெண்டும் தாள்ல வேணும்" என்று கேளுங்கள். எலெக்ட்ரிக் காரின் அடிப்பாகத்தில் கல் மோதியிருந்தாலும், ஆரஞ்சு நிற கேபிள் பக்கம் அடி பட்டிருந்தாலும், அந்தத் தயாரிப்பாளரின் ஒர்க்‌ஷாப் தவிர வேறு எங்கும் தொடவிடாதீர்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனியின் பட்டியலில் உள்ள ஒர்க்‌ஷாப்பில்தான் கேஷ்லெஸ் நடக்கும். உங்களுக்கு நம்பிக்கையான இடம் பட்டியலில் இல்லையென்றால், முன்கூட்டியே கம்பெனியிடம் சொல்லி, சர்வே முடித்து, நீங்கள் பணம் கட்டிவிட்டுத் திரும்பப் பெறலாம். கூடுதல் கவர்களுக்கு ஒர்க்‌ஷாப் நிபந்தனை இருக்கிறதா என்று மட்டும் பாலிசியில் படித்துக்கொள்ளுங்கள்.

"உங்க கைக்காசு ஒரு ரூபாகூட வேண்டாம், நாங்க பார்த்துக்கறோம்" என்று ஒரு பட்டறை சொன்னால் அங்கிருந்து வண்டியை எடுத்துவிடுங்கள். கட்டாயக் கழிவும் தேய்மானமும் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். அது உங்கள் வண்டியிலிருந்துதான் வரும். பில்லில் புதிய பாகம், வண்டியில் தட்டி நிமிர்த்திய பழைய பாகம். இப்படி எத்தனையோ ஹெட்லைட்டைப் பார்த்திருக்கிறேன். எஸ்டிமேட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே மாற்றுவதா, ரிப்பேரா என்று எழுதி வாங்குங்கள். புதிய பாகம் வந்த பெட்டியின் லேபிளைக் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தை நேரில் பாருங்கள்.

வண்டியைச் சாயங்காலம் எடுக்கப் போகாதீர்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லா ஷேடும் ஒன்றாகத்தான் தெரியும். காலை வெயிலில் நிறுத்திச் சாய்வாகப் பாருங்கள். டிக்கி இடுக்கில் இரண்டு பக்கமும் விரலை ஓட்டுங்கள், இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை இரும்புப் பேனலில் நகர்த்திப் பாருங்கள். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் பிடி தளர்ந்து வழுக்கும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் கண்டிப்பாகக் கேள்வி கேளுங்கள். தரையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் வண்டியை நேராக ஓட்டிவிட்டு இறங்கி டயர்த் தடத்தைப் பாருங்கள். பின் டயரின் தடம் இரண்டு பக்கமும் முன் டயருக்கு ஒரே மாதிரி அமைய வேண்டும். ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் வண்டி நண்டு மாதிரி குறுக்கே ஓடுகிறது என்று அர்த்தம்.

ஆசிரியரின் வண்டியில் அதைத்தான் செய்து காட்டினேன். தடம் ஒதுங்கியிருந்தது. "அதனாலதான் டயர் ஒரு பக்கமா தேயுதா? ரெண்டு தடவை மாத்திட்டேனே சார்" என்றார். அந்தப் பின்பக்கச் சேதம் பழையது. என் ரிப்போர்ட்டில் சேர்க்க வழியில்லை. ஃபெண்டருக்கும் ஹெட்லைட்டுக்கும் மட்டும்தான் எழுத முடியும் என்று அவரிடம் சொல்வது எனக்கு லேசாக இல்லை.

பின்பக்கத்தைப் பெஞ்சில் ஏற்றி, இழுத்து, பேக் பேனலையும் குழித் தகட்டையும் மாற்றி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. செலவு முழுவதும் அவருடையது. இந்த முறை தினமும் பள்ளி விட்டதும் பட்டறைக்குப் போய் நின்றார். கார்த்திகை மாத மழையில் ஒரு நாள் ராத்திரி ஒரு போட்டோ அனுப்பினார். கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்துவிட்டு, குழிக்குள் செல்போன் வெளிச்சம் அடித்து எடுத்திருந்தார். உள்ளே பொட்டுத் தண்ணீர் இல்லை.