ப்ளேன் ஏர்: திறந்தவெளி ஓவியம்

ஓவியர்களைப் பற்றிய அறிமுகக் குறிப்புகளில், "இயற்கையில் ஈடுபாடு கொண்டவர், ப்ளேன் ஏர் முறையில் வரைபவர்" என்ற வரி அடிக்கடி வரும். முன்பாதி யாருக்கும் பொருந்தும். பின்பாதிக்குத்தான் திட்டமான பொருள் உண்டு. காட்சிக்கு எதிரிலேயே நின்று, அங்குள்ள ஒளியிலேயே வண்ணம் கலந்து தீட்டுவது ப்ளேன் ஏர். புகைப்படம் எடுத்துவந்து அறைக்குள் வரைந்த மலையும் ஆறும் எவ்வளவு அழகாக இருந்தாலும் இதில் சேராது.

'ஆன் ப்ளேன் ஏர்' என்பது பிரெஞ்சுத் தொடர். 'ப்ளேன்' என்றால் நிறைந்த, 'ஏர்' என்றால் காற்று. இரண்டுக்கும் வேர் லத்தீன். சேர்ந்து வரும்போது 'திறந்தவெளியில்' என்று பொருள்படும். பிரெஞ்சுக்காரர்கள் வெட்டவெளியில் படம் திரையிடுவதற்கும் இதையேதான் சொல்வார்கள். பிற மொழிகளுக்குப் போன பிறகு இது பெரும்பாலும் ஓவியத்துக்கான கலைச்சொல்லாகச் சுருங்கிவிட்டது.

சொல்லை ஓவியத்தோடு இறுக்கிக் கட்டியவர்கள் 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர்கள். ஆனால் பழக்கம் அவர்களுக்கும் முந்தியது. வெளியில் தீட்டும் பயிற்சி ஓவியத்துக்கு 2 மணி நேரம் போதும், சூரிய உதயமும் அஸ்தமனமும் என்றால் அரை மணிக்கு மேல் கூடாது என்று பிரெஞ்சு ஓவியர் பியேர்-ஆன்ரி தெ வாலன்சியேன் 1800இலேயே எழுதிவிட்டார். இங்கிலாந்தில் ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் மேகங்களை நேரில் பார்த்துத் தீட்டினார். பல படங்களின் பின்பக்கத்தில் தேதி, நேரம், காற்றின் போக்கு ஆகியவற்றையும் குறித்துவைத்தார். அக்காலத்தில் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டித்தான் தூக்கிச் செல்ல வேண்டும். ஒருமுறை குத்தித் திறந்தால் சரியாக மூட முடியாது. அமெரிக்க ஓவியர் ஜான் காஃப் ராண்ட் 1841இல் காப்புரிமை பெற்ற, பிதுக்கக்கூடிய தகரக் குழாய் அந்தத் தொல்லையைத் தீர்த்தது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1870இல் தீட்டிய, பிரான்சின் ட்ரூவில் கடற்கரை ஓவியத்தின் வண்ணத்துக்குள் மணல் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. அவர் எங்கே நின்று வரைந்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தமிழில் என்ன சொல்வது? 'இயற்கைக் காட்சி ஓவியம்', 'நிலக்காட்சி ஓவியம்' இரண்டும் எதை வரைகிறோம் என்பதைச் சொல்கின்றன. எங்கே நின்று என்பதை அல்ல. தெருமுனையையோ தோட்டத்தில் அமர்ந்திருக்கும் ஆளையோ வரைந்தாலும் அது ப்ளேன் ஏர்தான். 'வெளிப்புற ஓவியம்' என்றால் வீட்டுக்கு வெளிச்சுவரில் அடிக்கும் பெயின்ட் நினைவுக்கு வருகிறது. 'திறந்தவெளி ஓவியம்' என்பதே பொருத்தம். திறந்தவெளியில் வைக்கப்பட்ட ஓவியம் என்று யாராவது பிரித்துப் படிக்கக்கூடும் என்றால், 'திறந்தவெளியில் தீட்டியது' என்று வினையாக எழுதிவிடலாம்.

இந்த முறையின் விதிகள் எல்லாம் ஒளி நகர்வதிலிருந்தே பிறக்கின்றன. வானில் சூரியன் மணிக்குச் சுமார் 15 பாகை நகர்கிறது. 2 மணி நேரத்தில் நிழல்கள் வேறாகிவிடும். அதனால் வரையும் பலகை சிறிதாக, 20க்கு 25 செ.மீ. அளவில் இருந்தால் போதும். வெள்ளைப் பரப்பு கண்ணைக் கூசும் என்பதால் மங்கிய செம்பழுப்பை மெல்லியதாகப் பூசிக் காயவைத்து எடுத்துப்போவது நல்லது. கண்ணைச் சுருக்கிப் பார்த்து, முதல் 10 நிமிடங்களுக்குள் நிழல்களின் வடிவத்தைப் பிடித்துவிட வேண்டும். பிறகு நிழல் நகர்ந்தாலும் அதை மாற்றக் கூடாது. புதிதாக வருபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்: நிழலைத் துரத்தித் துரத்தித் திருத்தி, கடைசியில் ஒரே படத்தில் இரண்டு திசைகளிலிருந்து வெயில் அடிக்கும். மோனே வைக்கோல் போர்களை (1890–91) வரைந்தபோது, ஒளி மாற மாற வேறு கித்தானை எடுத்துக்கொண்டார்.

அடுத்த தொல்லை, நேர் வெயில். வெயில் பலகையில் விழுந்தால் வண்ணம் உள்ளதைவிட வெளிறித் தெரியும். அதை ஈடுகட்ட நாம் கருமையாகக் கலப்போம். அறைக்குள் கொண்டுவந்தால் படம் இருண்டு கிடக்கும். பலகையும் வண்ணத்தட்டும் ஒரே நிழலில் இருக்க வேண்டும். குடை பிடிப்பதானால் வெள்ளை அல்லது சாம்பல் நிறக் குடை. சிவப்புக் குடையின் சாயை படத்தில் எல்லா நிறத்தையும் கெடுக்கும். நீர்வண்ணத்துக்கு வெயிலே பகை: ஓரம் கரைவதற்குள் காய்ந்து கோடாக நின்றுவிடும். தாளை முன்கூட்டியே நனைத்துக்கொண்டால் சற்று அவகாசம் கிடைக்கும்.

அறைக்குத் திரும்பிய பிறகு கைவைக்கலாமா என்பதில் ஓவியர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஓரத்தை மென்மையாக்குவது, கிளை ஒன்றை அழுத்துவது போன்ற சில்லறைத் திருத்தங்களைப் பலரும் ஏற்கிறார்கள். வானத்தையே மாற்றித் தீட்டிவிட்டால், 'திறந்தவெளியில் தொடங்கி அறையில் முடித்தது' என்று எழுதுவதே நேர்மை.