அசல் மரச்செக்கும் தேவாங்கு எண்ணெயும்

கடலை எண்ணெய் ஆட்டி விற்கும் வாசகர் ஒருவர், ‘அசல் மரச்செக்கு’ என்ற பெயரை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருவதாகவும், பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஓர் எழுத்தை மட்டும் கூட்டி அதே பெயரில் விற்பதாகவும் கூறி, தம் பெயரை டிரேட்மார்க்காக, அதாவது வணிகக் குறியாகப், பதிவு செய்ய இயலுமா என்று கேட்டிருக்கிறார். இப்போதைக்குக் கடினம்.

1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஒரு பொருளின் தன்மையையோ தரத்தையோ விளையும் இடத்தையோ மட்டும் சொல்லும் சொற்களை ஒருவருக்கே எழுதித் தருவதில்லை. ‘மரச்செக்கு’ என்பது செக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் வேண்டிய சொல். எண்ணெய்க்குத் ‘தேவாங்கு’ என்று பெயரிட்டிருந்தால் உறவினர்கள் சிரித்திருப்பார்கள், ஆனால் எண்ணெயோடு ஒட்டுறவே இல்லாத அச்சொல்லைச் சட்டம் எளிதில் ஏற்றிருக்கும். விவரிக்கும் சொல்லானாலும், விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்பே அது உங்கள் சரக்கை மட்டுமே நினைவூட்டும் அளவுக்குப் பழகிவிட்டதென்று நிறுவினால் பதிவு கிடைக்கும். அதற்கு மூன்றாண்டு விற்பனை போதுமா என்பது ஐயமே.

நடைமுறை சிக்கலானதன்று. சமையல் எண்ணெய்க்குரிய 29ஆம் வகுப்பில் டிஎம்-ஏ என்னும் விண்ணப்பப் படிவத்தை இணையவழி அளிக்க, தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் கட்டணம் 4,500 ரூபாய். தமிழ் எழுத்தில் அமைந்த குறியானால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும். இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறேன் என்றும் விண்ணப்பிக்கலாம். முன்பிருந்தே பயன்படுத்துவதாகச் சொன்னால் பிரமாணப் பத்திரமும் சான்றுகளும் தேவை. பதிவக ஆய்வாளரின் ஆட்சேபத்துக்கு 30 நாட்களுக்குள் பதில் அளித்து, வணிகக் குறிகள் இதழில் வெளியான பின் நான்கு மாதங்களுக்குள் எவரும் எதிர்க்காவிட்டால், பத்தாண்டுகளுக்குப் பதிவு கிடைக்கும்.

என்னை ஈர்ப்பது, இரண்டு பெயர்கள் ஒத்திருக்கின்றனவா என்று அளக்கும் முறை. அவற்றை அருகருகே வைத்து எழுத்தெண்ணிப் பார்ப்பதில்லை. ஒன்றை என்றோ வாங்கி அரைகுறையாக நினைவில் வைத்திருக்கும் சாதாரண வாடிக்கையாளர், இன்று மற்றொன்றைக் கண்டால் ஏமாறுவாரா என்றே பார்க்கிறார்கள். ‘அம்ரித்தாரா’, ‘லக்ஷ்மண்தாரா’ என்ற இரு மருந்துப் பெயர்களைப் பற்றிய வழக்கில், முன்னது அமுதத்தின் தாரை, பின்னது லட்சுமணனின் தாரை, ஆகவே வேறு வேறு என்று உயர் நீதிமன்றம் பதம் பிரித்தது. 1962இல் உச்ச நீதிமன்றமோ, வாங்குபவர் சொல்லைப் பிரித்து வேர்ப்பொருள் பார்ப்பதில்லை, மொத்த ஓசையும் அமைப்புமே மனத்தில் தங்கும் என்று கூறி, இரண்டும் குழப்பக்கூடியவை என முடிவு செய்தது. ஆயினும் முன்னதன் உரிமையாளர் அறிந்தும் நெடுங்காலம் தடுக்காமல் இருந்ததைக் கருதி, பின்னதன் பதிவை உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் அனுமதித்தது.

எண் கணித சோதிடரிடம் காசு கொடுத்துப் பெயரில் ஒரு ‘ஏ’ கூட்டிக்கொள்பவர்களுக்கு இது புரிவதில்லை. கூட்டிய எழுத்து காதில் விழாதவரை, அதிர்ஷ்டம் எப்படியோ, சட்டத்தின் பார்வையில் அதே பெயர்தான். பக்கத்து ஊர்க்காரரின் எழுத்துக்கும் இதுவே பொருந்தும்.

வாசகர் தேவாங்கைப் போன்ற ஒரு சொல்லை இன்றே தேர்ந்து, வணிகக் குறிகள் பதிவகத்தின் இணையதளப் பொதுத் தேடலில் அது எவருடையதும் இல்லையென்று உறுதி செய்து விண்ணப்பிக்கலாம். பதிவாகும் வரை லேபிளில் ‘டிஎம்’ (டிரேட்மார்க் என்பதன் சுருக்கம்) என்று மட்டும் அச்சிட வேண்டும். பதிவு பெற்றதைக் காட்டும், வட்டத்துக்குள் ‘ஆர்’ போடுவது அதுவரை சட்டமீறல். பதிவேட்டில் ஏறிய பின் தொடர்ந்து ஐந்தாண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டாலோ, பாதிக்கப்பட்ட எவரும் அதை நீக்கக் கோரலாம். பயன்பாட்டுக்குச் சான்று வேண்டும். ஆகவே எண்ணெய்க் கறை படிந்த பழைய பில் புத்தகங்களையும் தேதியிட்ட முதல் லேபிளையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.