கர்ப்ப காலத்தில் இந்த மாத்திரை போடலாமா? பதில் எங்கிருந்து வருகிறது?

வேலூர் இடா ஸ்கடர் சாலையில் வரிசையாக இருக்கும் மெடிக்கல் கடைகளில் ஏதாவது ஒன்றின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாலே இந்தக் கேள்வி காதில் விழும். “அண்ணே, முழுகாம இருக்கேன். இந்த மாத்திரை போடலாமா?” கடைக்காரர் பெரும்பாலும், “எதுக்கும் டாக்டரைக் கேட்டுக்கம்மா” என்பார். சரியான பதில்தான். வீட்டில் வேறொரு பதில் காத்திருக்கும்: “வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு எந்த மாத்திரையும் வேணாம்.” அக்கறையில் வரும் சொல். அந்த அக்கறைக்குக் கட்டுப்பட்டு வலிப்பு மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும்கூட நிறுத்திவிடும் பெண்கள் இருக்கிறார்கள். அதனால் வரும் கேடு, மாத்திரையால் வரும் கேட்டைவிடப் பெரிதாக இருக்கலாம்.

சரி, டாக்டர் எதை வைத்துச் சொல்கிறார்? புதிய மருந்துகளை மனிதர்களிடம் சோதிக்கும்போது கர்ப்பிணிகளை அநேகமாகச் சேர்ப்பதில்லை. ஆகவே மருந்து கடைக்கு வரும் நாளில் கர்ப்பத்தில் அது என்ன செய்யும் என்பது யாருக்கும் முழுதாகத் தெரியாது. அப்புறம் பல ஆண்டுகள் எண்ணி எண்ணித்தான் தெரிய வருகிறது.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்குக் காட்டியது தாலிடமைடு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக வந்தது. மசக்கை வாந்திக்கும் கொடுத்தார்கள். 1961 நவம்பரில் அங்கே அதை விலக்கிக்கொண்டார்கள். அந்த மருந்தால் மொத்தத்தில் உலகம் முழுக்க 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறையோடும் மற்றக் குறைகளோடும் பிறந்துவிட்டன. அந்த மருந்து கெடுதல் செய்த காலமோ மிகக் குறுகியது. கரு உண்டாகி ஏறத்தாழ 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள் வரைதான். அந்த இரண்டு வாரங்களில்தான் கையும் காலும் காதும் உருவாகத் தொடங்குகின்றன.

‘எந்த மாதம்’ என்பதை டாக்டர் முதலில் கேட்பது இதனால்தான். கரு உண்டாகி மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை உறுப்புகள் உருவாகின்றன. தண்டுவடமாகவும் மூளையாகவும் ஆகப்போகும் நரம்புக்குழாய் 28ஆம் நாளுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் பதியப் போகும்போது அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். அதனால்தான் ஃபோலிக் அமிலத்தைக் கரு உண்டாவதற்கு முன்பே தொடங்கச் சொல்கிறார்கள். ஏற்கெனவே நரம்புக்குழாய்க் குறையுள்ள குழந்தை பெற்ற தாய்மாருக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் சோதனை 1991இல் வெளிவந்தது. குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்திருந்தது.

இனி அந்த எண்ணும் வேலைக்கு வருவோம். எந்த மாத்திரையும் போடாத தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளிலும் 100க்கு ஏறத்தாழ 3 பேருக்குப் பிறவிக் குறை இருக்கும். ஓர் ஊரில் 1,000 கர்ப்பிணிகள் இருக்கிறார்கள், அவர்களில் 300 பேர் ஒரே மாத்திரையைப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாத்திரை முற்றிலும் தீங்கற்றதாக இருந்தாலும், போட்டவர்களில் 9 பேருக்குக் குறையுள்ள குழந்தை பிறக்கும். அந்த 9 வீட்டிலும் “அந்த மாத்திரையாலதான்” என்றே நினைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் போடாத 700 பேரில் 21 பேருக்கும் அதே குறை இருந்தால், விகிதம் ஒன்றுதான். மாத்திரை மேல் பழி இல்லை.

இப்படித்தான் ஒரு மாத்திரை மேல் அநியாயமாகப் பழி விழுந்தது. மசக்கைக்கு நம் ஊரில் டாக்டர்கள் எழுதித் தரும் டாக்ஸினேட் மாத்திரையில் டாக்ஸிலமினும் பைரிடாக்ஸின் என்ற பி6 வைட்டமினும் இருக்கின்றன. அமெரிக்காவில் 1956 முதல் விற்ற பெண்டெக்டின் மாத்திரையிலும் இந்த இரண்டும் இருந்தன. குழந்தைக் குறைகளுக்கு அதுதான் காரணம் என்று வழக்குகள் குவிந்தன. செலவு தாங்காமல் 1983இல் நிறுவனமே தயாரிப்பை நிறுத்தியது. அதன்பின் நடந்ததுதான் முக்கியம். அங்கே பிறவிக் குறைகள் குறையவில்லை. கடும் வாந்தியோடு மருத்துவமனையில் சேரும் கர்ப்பிணிகள்தான் அதிகமானார்கள். ஆய்வு மேல் ஆய்வு வந்து பழி நீங்கி, 2013இல் அதே கூட்டுக்கு அங்கே மறுபடி அனுமதி கிடைத்தது. அந்த முப்பது ஆண்டுகளும் வாந்தியில் வாடியவர்கள் பெண்கள்தான். இது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

எண்ணுவதிலும் கண்ணிகள் உண்டு. குறையோடு குழந்தை பிறந்தபின் கேட்டால், தாய் ஒன்பது மாதத்தையும் துருவித் துருவி நினைத்துப் பார்த்துச் சொல்வாள். நல்லபடியாகப் பெற்றவளுக்குப் பாதி மறந்திருக்கும். ஆகவே குழந்தை பிறக்கும் முன்பே, கர்ப்பம் தெரிந்ததுமே எழுதி வைத்த பதிவுக்குத்தான் மதிப்பு. வேலூர் பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. எனும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக சுகாதாரப் பிரிவு கணியம்பாடி ஒன்றியக் கிராமங்களில் பல ஆண்டுகளாக இதே ஒழுங்கில்தான் இயங்குகிறது. ஒவ்வொரு கர்ப்பமும் பிறப்பும் இறப்பும் ஊர்ப் பணியாளர் மூலம் ஏட்டில் ஏறுகிறது. கண்ணில் பட்டதை மட்டும் வைத்துப் பேசாமல் எல்லாரையும் எண்ணும் வழக்கம் நம் மண்ணிலேயே இருக்கிறது.

இன்னொரு கண்ணி: கேடு மருந்தாலா, மருந்து போட வைத்த நோயாலா? காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் குழந்தைக்கு ஆட்டிசம் வரலாம் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசே எச்சரித்தது. ஆனால் 2024இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு, 24 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்திருந்தது. மேலோட்டமாகப் பார்த்தபோது ஒரு சின்ன வித்தியாசம் தெரிந்தது. அப்புறம் ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். ஒரு கர்ப்பத்தில் மருந்து, இன்னொன்றில் இல்லை. தாய் ஒருத்தி, குடும்பம் ஒன்று, பரம்பரையும் பெரும்பாலும் ஒன்று. அந்த ஒப்பீட்டில் வித்தியாசம் காணாமல் போனது. முதல் மாதங்களில் கடும் காய்ச்சலை அப்படியே விட்டுவிடுவதும் கருவுக்கு நல்லதல்ல என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேவையான அளவு, தேவையான நாள் மட்டும் பாராசிட்டமால் போடலாம் என்பதே மகப்பேறு மருத்துவர் சங்கங்களின் நிலை.

இங்கேதான் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ‘காய்ச்சல் மாத்திரை, உடம்பு வலி மாத்திரை’ என்று கேட்டு வாங்கும் காம்பிஃப்ளாமில் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலோடு 400 மில்லிகிராம் ஐபுபுரூஃபனும் இருக்கிறது. அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் கலந்த அட்டைகளும் ஏராளம். இந்த வலி மாத்திரைகள் 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடைசி மூன்று மாதத்தில், பிறந்தபின் மூட வேண்டிய இதய இரத்தக்குழாய் ஒன்றை வயிற்றிலேயே சுருங்க வைக்கலாம். ஆகவே ‘பாராசிட்டமால்’ என்று பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

எண்ணிப் பார்த்து உண்மையிலேயே கெட்டது என்று தெளிவான மருந்துகளும் உண்டு. வலிப்புக்கும் மனநோய்க்கும் தரும் வால்புரோயேட்டை எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் 100க்கு ஏறத்தாழ 10 பேருக்குப் பெரிய பிறவிக் குறை; 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சியிலும் படிப்பிலும் சிக்கல். திருவனந்தபுரத்தில் 1998 முதல் நடந்துவரும் கேரள வலிப்பு, கர்ப்பப் பதிவேடும் வால்புரோயேட்டைப் பற்றி எச்சரிக்கவே செய்கிறது. இதைக் கேட்டதும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரலாம். தாயும் குழந்தையும் சேர்ந்தே போகும் ஆபத்து அது. லாமோட்ரிஜின், லெவெடிராசிட்டம் போன்ற ஆபத்து குறைந்த மருந்துகள் இருக்கின்றன. மாற்ற வேண்டிய நேரம் கல்யாணப் பேச்சு நடக்கும்போதே. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று வலிப்பையே மறைக்கும் குடும்பங்களில் அந்த வாய்ப்பு நழுவிப் போகிறது.

தைராய்டு சுரப்பு குறைவுக்குப் போடும் மாத்திரையின் கதை இதற்கு நேர் எதிர். கர்ப்பத்தின் முதல் பாதியில் குழந்தை பெரும்பாலும் தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பியே இருக்கிறது. அதனால் அளவைக் கூட்ட வேண்டியிருக்குமே தவிர, நிறுத்தக் கூடாது. நாட்டு மருந்துக்கும் கேள்வி அதேதான்: கர்ப்பிணிகளிடம் யாராவது எண்ணிப் பார்த்தார்களா? உலோகம் சேர்ந்த செந்தூரம், பற்பம் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகும்.

தாய்க்குப் போட்டுக் குழந்தையைக் காக்கும் ஊசியும் உண்டு. குறைமாதப் பிரசவம் ஆகும் என்று தெரிந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்கிறது. நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் 1972இல் இதைக் காட்டினார்கள். பின்னால் வந்த சோதனைகளை யாரும் ஒன்றுசேர்த்துப் பார்க்காததால் பல ஆண்டுகள் ஊசி பரவலாகவில்லை. மருத்துவச் சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தில் இருக்கும் கோடுகள் அந்தச் சோதனைகளின் முடிவுகள்தாம். அந்த அமைப்பின் தெற்காசிய மையம் இயங்கியது நம் வேலூர் சி.எம்.சி.யில். ஆனால் நல்ல ஊசியும் இடம் பார்த்துத்தான். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் கிராம அளவில் பரவலாகப் போட்டுப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. குறைமாதம் அல்லாத பலருக்கும் ஊசி போயிருந்தது. பச்சிளங்குழந்தை இறப்பு குறையவில்லை, சற்றுக் கூடியது. 2020இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, வாரக்கணக்கை ஸ்கேனில் உறுதி செய்து, வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும் போட்டது. அங்கே பச்சிளங்குழந்தை இறப்பு குறைந்தது.

ஆகவே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போனாலும் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், போடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துப் போங்கள். ‘இதைப் போட்டால் என்ன ஆகும்’ என்பதோடு ‘போடாவிட்டால் என்ன ஆகும்’ என்றும் கேளுங்கள். கடையில் நான்கு மாத்திரை மட்டும் கத்தரித்துத் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் கடையோடு நின்றுவிடுவதுண்டு. வெட்டுவதற்கு முன் முழு அட்டையின் பின்பக்கத்தை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் போதும், டாக்டரால் மருந்தைக் கண்டுபிடிக்க முடியும்.