செயின்ட் பியரின் நிதானம் எப்படி வேலை செய்தது

கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஜார்ஜ் செயின்ட் பியர், 2008 ஆகஸ்ட் முதல் 2013 நவம்பர் வரை, யுஎஃப்சி கலப்பு தற்காப்புக் கலைப் போட்டிகளில் வெல்டர்வெயிட் எடைப்பிரிவின் பட்டத்தை ஒன்பது முறை தொடர்ந்து தக்கவைத்துக்கொண்டார். அவற்றில் எட்டுப் போட்டிகள் ஐந்து சுற்றுகளும் முழுமையாக நடந்து, நடுவர்களின் மதிப்பெண்ணால் முடிவாயின. எதிராளியைச் சாய்க்காமல் புள்ளிகளுக்காக ஆடுகிறார் என்று ரசிகர்களில் ஒரு சாரார் குறைகூறினர். வெல்வதுதான் சாம்பியனின் வேலை என்று மறுசாரார் வாதிட்டனர். இந்த வாதத்தில் ‘எச்சரிக்கை’ என்ற சொல் ‘தாக்காமை’ என்ற பொருளில் புழங்கியது பெரும் பிழை என்பது என் கருத்து. அவருடைய எச்சரிக்கை, தாக்குதலின் ஒரு வடிவமாகவே இருந்தது.

அவர் தொடக்கத்திலேயே அப்படி ஆடியவரல்லர். 2006 நவம்பரில் மேட் ஹியூஸை இரண்டாம் சுற்றிலேயே தலைக்கு விட்ட உதையால் நிலைகுலைய வைத்து முதன்முறையாகப் பட்டம் வென்றவர் அவர். அடுத்த ஆண்டு ஏப்ரலில், வெற்றிவாய்ப்பே இல்லாதவராகக் கருதப்பட்ட மேட் செரா, தலையின் பக்கவாட்டில் இறக்கிய குத்தால் அவரைத் தள்ளாடச் செய்து, முதல் சுற்றிலேயே தோற்கடித்தார். தலை சட்டென்று திருகும்போது, மண்டையோட்டுக்குள் இருக்கும் மென்மையான மூளை அதே வேகத்தில் திரும்புவதில்லை. அந்த இழுபறியில் நரம்பிழைகள் முறுக்கப்பட்டு, உடலின் சமநிலை குலைகிறது. குத்துச்சண்டைக் கையுறைகள் 8 முதல் 10 அவுன்ஸ் எடை கொண்டவை. இங்கே அணிவதோ ஏறத்தாழ 4 அவுன்ஸ்தான். முகத்தை மறைக்கும் கைகளின் இடுக்கு வழியாகச் சிறிய கையுறை எளிதில் நுழைந்துவிடும் என்பதால், திறமையில் பின்தங்கியவருக்கும் ஒரே குத்தில் வெல்லும் வாய்ப்பு எப்போதும் உண்டு.

இதைச் சிறு கணக்காகப் பார்க்கலாம். ஒவ்வொரு போட்டியிலும் 90 விழுக்காடு வெற்றிவாய்ப்புள்ள வீரர் ஒன்பது போட்டிகளையும் தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு, ஏறத்தாழ 39 விழுக்காடு மட்டுமே. அதே வாய்ப்பை 97 ஆக உயர்த்தினால் அது 76 விழுக்காடாகிறது. ஒரு போட்டியில் கண்ணுக்கே தெரியாத அந்த ஏழு விழுக்காடுதான், நீண்ட ஆட்சிக்கும் குறுகிய ஆட்சிக்கும் உள்ள வேறுபாடு.

அந்த வேறுபாட்டை அவர் உண்டாக்கிய விதம்தான் இதில் மிகச் சுவையான பகுதி. முன்கையால் நேராக விடும் ஜாப் என்னும் குத்தும், கால்களைப் பற்றித் தரையில் வீழ்த்தும் டேக்டவுனும் அவருடைய இரு அடிப்படை ஆயுதங்கள். ஜாப்பைத் தடுக்கக் கைகளை உயர்த்தி நிமிர்ந்து நிற்க வேண்டும். டேக்டவுனைத் தடுக்கவோ கைகளைத் தாழ்த்தி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய இயலாது. கண்ணில் படும் ஒரே ஒரு குறிப்புக்கு ஒரே ஒரு பதிலைத் தர மனிதருக்கு ஏறத்தாழ 0.2 நொடி ஆகிறது. தேர்ந்தெடுக்க வேண்டிய பதில்கள் பெருகப் பெருக அந்த நேரம் நீள்கிறது என்பதை 1952இல் வில்லியம் ஹிக் அளந்து காட்டினார். செயின்ட் பியர் இரண்டுக்கும் ஒரே மாதிரியான தொடக்க அசைவைக் காட்டியதால், எதிரே நின்றவர் ஒவ்வொரு முறையும் அந்தத் தெரிவைச் செய்யவேண்டியிருந்தது. அவர் முடிவெடுத்து முடிப்பதற்குள் குத்து வந்து சேர்ந்திருக்கும்.

தயங்கி நிற்பது தோல்விக்கே இட்டுச்செல்லும் என்று எதிராளி பாய்ந்து குத்தினாலும் சிக்கல் தீர்வதில்லை. பாயும்போது உடல் எடை முன்காலுக்கு மாறிவிடுவதால் இடுப்பைப் பின்னிழுக்க முடியாது. சரியாக அக்கணத்தில் செயின்ட் பியர் குனிந்து கால்களைப் பற்றுவார். மற்போரைத் தனியாகப் போட்டியிட்டுப் பழகாதவர், மற்போர் வீரர்களையே வீழ்த்தியதற்கு இந்த நேரக்கணிப்பே முதன்மைக் காரணம். 2010 டிசம்பரில் அவரை எதிர்த்து ஆடிய ஜாஷ் காஸ்செக்கின் வலது கண்குழி எலும்பு முறிந்தது. அதைச் செய்தது பெரும்பாலும் அந்த ‘பாதுகாப்பான’ இடதுகை ஜாப்தான்.

தரையில் மேலே அமர்ந்து அழுத்துவதும் பார்ப்பதற்கு வெறும் ஓய்வுபோலத் தெரியும். உண்மையில் கீழே கிடப்பவர் இன்னொருவரின் எடைக்கு எதிராகத் தசைகளை இறுக்கியபடியே இருக்கிறார். இறுகிய தசை தன் இரத்தக் குழாய்களைத் தானே நெருக்குவதால், உயிர்வளி குறைந்து களைப்பு விரைகிறது.

மதிப்பெண் முறையும் இந்த ஆட்டத்தையே ஊக்குவித்தது. சுற்றை வென்றவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9. மயிரிழையில் வென்றாலும் தெளிவாக வென்றாலும் மதிப்பெண் ஏறத்தாழ அதேதான். முதல் மூன்று சுற்றுகளைத் தன்வசமாக்கியவர் நான்காம் சுற்றில் துணிந்து பாய்ந்தால், இழக்க எல்லாம் உண்டு, மதிப்பெண்ணில் பெறுவதற்கு அநேகமாக ஒன்றுமில்லை. ரசிகரின் சலிப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பணம் கொடுத்துப் பார்ப்பவர் முடிவை எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் அந்தக் குறையை விதிகளை நோக்கிச் சொல்வதே நியாயம்.

செயின்ட் பியரின் இந்த ஆட்டமுறைக்கும் எல்லை இருந்தது. 2013 நவம்பரில் வலிமை மிக்க இடதுகைக் குத்துகாரரான ஜானி ஹென்ட்ரிக்ஸ் அதை உடைக்கும் அளவுக்கு நெருங்கிவந்தார். இரு நடுவர்கள் 48-47 என்று செயின்ட் பியருக்கும், ஒருவர் அதே கணக்கில் ஹென்ட்ரிக்ஸுக்கும் அளித்தனர். அடுத்த மாதம் செயின்ட் பியர் பட்டத்தைத் துறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2017 நவம்பரில், அடுத்த கனமான எடைப்பிரிவான மிடில்வெயிட்டின் சாம்பியன் மைக்கேல் பிஸ்பிங்கை எதிர்கொண்டு கூண்டுக்குள் திரும்பியபோது, காக்க வேண்டிய பட்டம் எதுவும் அவர் கையில் இல்லை. மூன்றாம் சுற்றில் இடதுகைக் குத்தால் பிஸ்பிங்கைக் கீழே சாய்த்து, பின்னாலிருந்து கழுத்தை நெரித்துப் போட்டியை முடித்தார்.