ஒளி மங்கினதும் குரோமியம் என்று எழுதிவிடாதீர்கள்

வாணியம்பாடிப் பக்கத்து போர் தண்ணீரை ஒரு மாணவி எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். பார்க்கப் பளிங்கு மாதிரி இருந்தது. குரோமியம் பட்டால் ஒளி மங்கும் என்பதை வைத்து அதைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் ஒளிரும் பாலிமர் நானோ துகள் கரைசலில் அதைச் சரிபாதி கலந்து யூவி விளக்கைப் போட்டோம். பளிச்சென்று இருந்த பச்சை கொஞ்ச நேரத்தில் மங்கிப்போனது. "சார், குரோமியம் இருக்கு!" என்றார். அவசரப்படாதேம்மா என்று சொல்லி கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் லிட்டருக்கு 5,000 மில்லிகிராமைத் தாண்டுகிறது. சுத்தமான நீரில் வெறும் உப்பையும் கொஞ்சம் கால்சியம் குளோரைடையும் போட்டு அதே அளவுக்குக் கொண்டுவந்து பார்த்தோம், அதிலும் அதே மங்கல். மறுநாள் காலையில் இரண்டு குப்பியிலும் அடியில் மஞ்சளாக வண்டல்.

விஷயம் இதுதான். இந்தத் துகள்கள் பெரும்பாலும் மேற்பரப்பில் எதிர்மின்சுமை வைத்திருக்கும், அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கும். உப்பு சேர்ந்ததும் அயனிகள் சூழ்ந்து அந்தத் தள்ளுவிசையை மறைத்துவிடும். 0.001 மோலார் (மோலார் என்பது செறிவின் அலகு) உப்பில் சுமார் 10 நானோமீட்டர் தூரம் எட்டுகிற விசை, 0.1 மோலாரில் 1 நானோமீட்டருக்குச் சுருங்கிவிடும். கால்சியமும் மக்னீசியமும் இரட்டை மின்சுமை என்பதால் சோடியத்தைவிடப் பல மடங்கு வேகமாக வேலையைக் காட்டும். கலங்கிய தண்ணீரில் தேத்தாங்கொட்டையை உரைத்தால் மண் திரண்டு அடியில் போகிறதே, ஏறக்குறைய அந்தக் கதை. திரண்டால் பாலிமர் சங்கிலிகள் நெருங்கி, ஒளியாக வர வேண்டிய ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். திரளும்போது கூடுதலாக ஒளிரும் வகைகளும் உண்டு, அங்கே ஏமாற்றம் தலைகீழாக நடக்கும்.

நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியம். இங்குள்ள தோல் பதனிடும் ஆலைகளுக்கு வரும் பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போடுகிற உப்பெல்லாம் ஊறவைக்கும்போதே தண்ணீரில் இறங்கி, பாலாற்றங்கரை நிலத்தடி நீர் வரை போயிருக்கிறது. 1996இல் உச்ச நீதிமன்றமே தோல் ஆலைக் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் தீர்ப்பு சொன்ன பகுதி இது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் இருக்கலாம். உப்பால் வந்த மங்கலைக் குரோமியம் என்று எழுதினால் ஒரு ஊரே பயந்துபோகும்.

அதனால் அதே டி.டி.எஸ். உள்ள வெறும் உப்புநீரையும் கூடவே வைத்துச் சோதியுங்கள், துகள் அளவை முன்னும் பின்னும் பாருங்கள், பெருத்திருந்தால் அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். இந்தத் துகள்களை உயிர்ச் செல்களில் வைத்து ஆய்வு செய்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், 0.9 சதவீத சலைன் (உப்புநீர்) என்பதே 154 மில்லிமோலார், அதாவது 0.154 மோலார்.

அந்த மாணவி இப்போது மின்சுமையை நம்பாமலே துகள்களை விலக்கி வைக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் (PEG) என்ற பாலிமரைப் பூசிய துகளில் மறுபடி ஆரம்பித்திருக்கிறார். உப்புநீரில் வைத்து மூன்று நாளாகிறது, குப்பியில் பச்சை அப்படியே நிற்கிறது.