ஹெட்போன் துளையில் ஹோர்ன் ஸ்பீக்கரைக் கொழுவாதீர்கள்

"அண்ணை, போர்ட் செத்துப்போச்சு போல. சத்தமே வரேல்லை." இப்படிச் சொல்லி என் மேசைக்குக் கொண்டுவரப்படும் றாஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பலகைகளில் பெரும்பாலும் போர்ட் சாவதில்லை. இந்தக் கிழமையும் ஒன்று வந்தது. பாடசாலை மணியைத் தானாக ஒலிக்கச் செய்யும் மாணவர் செயற்றிட்டம், நல்ல யோசனை. ஆனால் ஹெட்போன் வயரை வெட்டி, உள்ளிருந்த மெல்லிய கம்பியின் பூச்சை லைட்டரால் சுட்டு, கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற ஹோர்ன் ஸ்பீக்கரோடு நேரே முறுக்கியிருந்தார்கள்.

பையில் இருக்கிற அந்த 3.5 மில்லிமீற்றர் ஹெட்போன் துளை அம்பிளிபயர் அல்ல. அம்பிளிபயருக்குக் கொடுக்க வேண்டிய சிக்னல் மட்டுமே அதில் வருகிறது. "வொலியூமை 100இல வைச்சனாங்கள்" என்கிறார்கள். 100 என்பது அந்தச் சிக்னலின் 100தான். ஹெட்போன் காதுக்குள்ளேயே இருப்பதால் மில்லிவாட்டில் பாடிவிடும். 8 ஓம்ஸ் ஹோர்னுக்கு வாட்ஸ் கணக்கில் வலு வேண்டும். வயரை எவ்வளவு இறுக்கி முறுக்கினாலும் அது இந்தத் துளையிலிருந்து வராது.

இதைவிட மோசம், அம்பிளிபயரின் ஸ்பீக்கர் முனையை இந்தத் துளைக்குக் கொண்டுவருவது. பொது ஒலிபெருக்கி அம்பிளிபயர்களில் 100 வோல்ட் லைன் என்றொரு முனையும் இருக்கும். 3.3 வோல்ட்டில் வேலை செய்யும் சிப்புக்கு அதைக் கொடுத்தால் போர்ட் உண்மையாகவே செத்துப்போகும்.

2023இல் வந்த பை 5இல் இந்தத் துளையே கிடையாது. பை சீரோவிலும் இல்லை, பை 400இலும் இல்லை. வாங்க முதல் பாருங்கள், பிறகு வந்து என்னோடு சண்டை பிடிக்காதீர்கள். துளை உள்ள பை 4இலும் தனி டாக் சிப், அதாவது டிஜிட்டலை ஒலிச் சிக்னலாக மாற்றும் சிப், இல்லை. துடிப்புகளை வடிகட்டித்தான் சத்தம் எடுக்கிறது, ஆகவே கொஞ்சம் இரைச்சல் இருக்கும். மணிக்கு ஒரு மலிவான யூ.எஸ்.பி. சவுண்ட் கார்ட் போதும். பாட்டுக் கேட்கவென்றால் பிசிஎம்5102 சிப் உள்ள ஐ-டூ-எஸ் (பையின் ஊசிகள் வழியே டிஜிட்டல் ஒலியை அனுப்பும் முறை) டாக் பலகை நல்லது. வகுப்பறை அளவுக்கு மெக்ஸ்98357 பலகையும் ஒரு 4 ஓம்ஸ் ஸ்பீக்கரும் காணும். அதில் 3 வாட்ஸ் அளவில் அம்பிளிபயரும் சேர்ந்தே இருக்கிறது. மைதானத்துக்கு அது காணாது.

எச்.டி.எம்.ஐ.யில் திரை கொழுவியிருந்தால் சத்தம் அங்கே போயிருக்கலாம். திரையின் மேலே உள்ள ஸ்பீக்கர் சின்னத்தில் வலது கிளிக் செய்து பாருங்கள். பையிலிருந்து வரும் வயரை அம்பிளிபயரில் ஆக்ஸ் அல்லது லைன் இன் துளையில் செருகுங்கள். மைக்கில் செருகினால் சத்தம் பிளந்துதான் கேட்கும். வயர் மாற்ற முதல் பை, அம்பிளிபயர் இரண்டின் கரண்டையும் நிறுத்துங்கள், தயவுசெய்து.

அதற்குப் பிறகும் சத்தம் வராவிட்டால் கொண்டுவாருங்கள். போர்டை மட்டுமல்ல, அம்பிளிபயரையும் கொழுவிய வயரையும் சேர்த்து.