சாவியைக் கீழே போடுங்கள்

தர்மபுரியில் ஆம்புலன்ஸ் வேலை என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது தொப்பூர் கணவாயைப் பற்றித்தான். பிரேக் பிடிக்காமல் இறங்கிய லாரி, நொறுங்கிய கார்கள். அதையெல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் இத்தனை வருடத்தில் என்னை அதிகம் உறுத்துவது ஒரு சொட்டு ரத்தம்கூடச் சிந்தாத கேஸ்கள்.

பாலக்கோடு தக்காளி மண்டியில் ஒரு காலை. பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். நாங்கள் போனபோது சுற்றிலும் முப்பது பேர். முகமெல்லாம் தண்ணீர், கையில் யாரோ திணித்த சாவிக்கொத்து. "வலிப்பு சார், கை கால் வெட்டுச்சு. இப்பவும் மூச்சு இழுத்துக்கிட்டுத்தான் இருக்கு" என்றார் ஒருவர். கழுத்தில் விரல் வைத்தேன். நாடி இல்லை.

அங்கே நின்றவர்கள் அலட்சியக்காரர்கள் இல்லை. இதயம் திடீரென நின்றால் மூளைக்கு ரத்தம் போகாமல் சில நொடி கை கால் வெட்டுவது உண்டு. பார்க்க வலிப்பு மாதிரியே இருக்கும். அப்புறம் கரையில் போட்ட மீன்போல வாய் திறந்து விட்டு விட்டு ஓர் இழுப்பு. அதைப் பார்த்து 'உயிர் இருக்கு' என்று காத்திருக்கிறோம். அது மூச்சே இல்லை. (சாவி நிஜ வலிப்பையும் நிறுத்தாது, அது வேறு கதை.)

பிரிட்டனில் ஐந்து ஆம்புலன்ஸ் சேவைகளில் நடந்த பாராமெடிக்-2 ஆய்வு 2018-ல் வெளியானது. இதயம் நின்ற 8,014 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அட்ரினலின் (நின்ற இதயத்தை மறுபடி துடிக்கவைக்கப் போடும் ஊசி), மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர். 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 3.2 சதவீதம், இரண்டாவதில் 2.4. கூடுதலாக ஓர் உயிர் பிழைக்க 112 பேருக்கு அந்த ஊசி போட வேண்டும். அதே ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக் காட்டிய மற்ற கணக்குதான் எனக்கு முக்கியம்: இதயம் நின்றதை உடனே கண்டுகொண்டால் 11 பேருக்கு ஒருவர், பக்கத்தில் இருப்பவர் நெஞ்சை அழுத்தினால் 15 பேருக்கு ஒருவர், மின்அதிர்ச்சி கொடுத்தால் 5 பேருக்கு ஒருவர் கூடுதலாகப் பிழைக்கிறார். முதல் இரண்டுக்கும் எங்கள் வண்டி வரவேண்டியதே இல்லை.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் போதும், நாடி தேட வேண்டாம். 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடுங்கள். நெஞ்சின் நடுவில் ஒரு கைமேல் மறு கை வைத்து, முழங்கையை மடக்காமல், 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், கூட்டம்தான் நிற்கிறதே! ஒகேனக்கலில் தண்ணீரில் மூழ்கியவர் என்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதும் முக்கியம். பயிற்சி பெற்றவர் யாராவது இருந்தால் கூப்பிடுங்கள்.

மண்டியில் சரிந்தவரை எங்களால் மீட்க முடியவில்லை. சில வாரம் கழித்துப் பயிற்சி பொம்மையோடு அங்கேயே போனேன். சாவி கொடுத்தவரும் வந்திருந்தார். "இவ்ளோ அழுத்துனா எலும்பு உடையாதா சார்?" என்றார்.

"உடையலாம். அதுக்காக நிறுத்தாதீங்க" என்றேன்.

மண்டியிட்டு உட்கார்ந்தார். பெட்டி தூக்கிப் பழகிய கை. என்னைவிட நன்றாகவே அழுத்தினார்.